அந்தமான் ஸ்கூபா: ‘வேண்டாம்’னு சொல்ற கடையைத் தேடுங்க

(எபிசோட் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



அந்தமான் ஸ்கூபா பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தீங்க. வந்த மெசேஜ்களை வரிசையா படிச்சுப் பார்த்தா, பெரும்பாலும் ரெண்டே கேள்விதான். ஒண்ணு, "ப்ரோ, ஹேவ்லாக்ல எந்த டைவ் ஷாப் பெஸ்ட்?" இன்னொண்ணு, "எந்த ஸ்பாட்ல இறங்கினா ஆமை, சுறா எல்லாம் பார்க்கலாம்?"

ரெண்டுக்கும் நேரா ஒரு பேரைச் சொல்லிட்டு அஞ்சு நிமிஷத்துல எபிசோடை முடிச்சிடலாம். ஆனா சொல்லப் போறதில்ல. டைவ் ஷாப்ங்கறது ஹோட்டல் மாதிரி இல்ல. உங்களைத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போற அந்த ஒரு இன்ஸ்ட்ரக்டர்தான் உங்களுக்கு ஷாப். அவங்க இந்த சீசன் இங்க இருப்பாங்க, அடுத்த சீசன் தாய்லாந்துலயோ மாலத்தீவுலயோ இருப்பாங்க. போர்டுல பேர் அதேதான், உள்ள ஆள் வேற. நான் இன்னைக்கு சொல்ற பேர், நீங்க போகும்போது செல்லாத நோட்டா ஆயிடலாம்.

அதனால பேருக்குப் பதிலா ஒரு வழி சொல்றேன். ஒரே வரிதான்: உங்ககிட்ட ‘வேண்டாம்’னு சொல்லத் தயாரா இருக்கிற கடையைத் தேடுங்க.

யோசிச்சுப் பாருங்க. "வாங்க சார், பண்ணிடலாம்"னு எல்லா கடையும் சொல்லும். அதுக்குச் செலவே கிடையாது. ‘வேண்டாம்’னு சொன்னா அன்னைக்கு வருமானம் போச்சு, கூகுள்ல ஒரு ஸ்டார் விழும், வந்தவங்க முகம் சுண்டிப் போகும். இவ்வளவையும் தாங்கிட்டு ஒருத்தர் சொல்றார்னா, அவருக்கு பில்லைவிட நீங்க முக்கியம்னு அர்த்தம். நம்ம ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரிலீஸ் போகக் கூடாதுன்னு கறாரா நிக்கிற ஒரு சீனியர் இருப்பாங்கல்ல? அந்த நேரத்துல எரிச்சலா இருக்கும். ஆனா சனிக்கிழமை நாம நிம்மதியா தூங்கறது அவங்களாலதான். கடல்ல நாம தேடறதும் அந்த மாதிரி ஆளைத்தான்.

நல்ல கடை நாலு விஷயத்துல ‘வேண்டாம்’ சொல்லும். உங்க உடம்பு, நீங்க கேக்குற ஆழம், அன்னைக்குக் கடல், உங்க விமான டிக்கெட். ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

முதல்ல, நீங்க எந்த ரகம்?

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன மேப். சென்னையில இருந்து போர்ட் பிளேருக்கு விமானத்துல ரெண்டு மணி நேரம் சொச்சம். 2024 செப்டம்பர்ல அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தினாங்க. அதுக்கு முன்னாடியே, 2018 டிசம்பர்ல, ஹேவ்லாக் ‘ஸ்வராஜ் த்வீப்’ ஆச்சு, நீல் ‘ஷஹீத் த்வீப்’ ஆச்சு. டைவ் பண்றவங்க வாயில இன்னும் பழைய பேர்தான் புழங்குது, நானும் அதையே சொல்றேன். போர்டுல புதுப் பேரைப் பார்த்தா குழம்பாதீங்க.

போர்ட் பிளேர்ல இருந்து படகுல ஹேவ்லாக் போக, படகைப் பொறுத்து ஒன்றரை மணியில இருந்து ரெண்டரை மணி நேரம் ஆகும். டைவ் கடைகள் அதிகமா இருக்கறது அங்கதான். நீல்ல கொஞ்சம், போர்ட் பிளேருக்குத் தெற்கே சிடியா டாப்புல கொஞ்சம். போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில நார்த் பே. பழைய 20 ரூபாய் நோட்டுக்குப் பின்னாடி தென்னைமரமும் கலங்கரை விளக்கமும் பார்த்திருப்பீங்களே, அந்தப் பக்கம்தான். ஒரே நாள்ல வந்து போறவங்க அங்க நிறைய.

இப்போ டைவ் பண்ண வர்றவங்களை மூணு ரகமா பிரிக்கலாம்.

முதல் ரகம், சும்மா ஒரு தடவை பார்த்துட்டு வர்றவங்க. இதுக்கு டி.எஸ்.டி.ன்னு பேர், அதாவது டிஸ்கவர் ஸ்கூபா டைவிங். லைசென்ஸ் எதுவும் கிடையாது. பி.ஏ.டி.ஐ. விதிப்படி அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். நீச்சல் டெஸ்ட்டும் கிடையாது. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துலயே இருப்பார், நிறைய இடங்கள்ல உங்க சிலிண்டரைப் பிடிச்சபடியே கூட்டிட்டுப் போவார்.

ரெண்டாவது, ஓப்பன் வாட்டர் கோர்ஸ். மூணு நாலு நாள் ஆகும். 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிஷம் எதையும் பிடிக்காம மிதக்கணும். முடிச்சா 18 மீட்டர் வரைக்கும் இன்னொரு டைவரோட சேர்ந்து போகலாம். இங்க ஒரு டிப்ஸ். தியரியையும் நீச்சல் குளப் பயிற்சியையும் சென்னை, புதுச்சேரி, பெங்களூரு மாதிரி ஊர்லயே முடிச்சிட்டு, கடல்ல செய்ய வேண்டிய நாலு டைவை மட்டும் அந்தமான்ல பண்ணலாம். இதுக்கு ரெஃபரல்னு பேர். அங்க ரெண்டு நாள் மிச்சமாகும். போறதுக்கு முன்னாடியே இந்த விளையாட்டு உங்களுக்கு ஒத்துவருமான்னும் தெரிஞ்சிடும்.

மூணாவது, ஏற்கனவே கார்டு வெச்சிருக்கறவங்க. அட்வான்ஸ்டு முடிச்சிருந்தா 30 மீட்டர் வரைக்கும் போகலாம். ஆனா கார்டு வாங்கி ரெண்டு வருஷமா தண்ணியில கால் வைக்கலன்னா, நல்ல கடை உங்களை நேரா ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போகாது. ‘முதல்ல ஒரு ரெஃப்ரெஷர் பண்ணுங்க’ன்னு சொல்லும். காசு பிடுங்கறாங்கன்னு நினைக்காதீங்க. அதுவும் ஒரு ‘வேண்டாம்’தான்.

முதல் ‘வேண்டாம்’: உடம்பு

டைவ்க்கு முன்னாடி ஒரு மெடிக்கல் ஃபார்ம் தருவாங்க. முதல் பக்கத்துல 10 கேள்வி. ஆஸ்துமா, இதயம், காது அறுவை சிகிச்சை, வலிப்பு, இப்போ எடுக்கிற மாத்திரை, இந்த மாதிரி. எதுக்காவது ‘ஆமாம்’ போட்டா அடுத்த பக்கத்துல கூடுதல் கேள்வி வரலாம், டாக்டர் கையெழுத்து வேணும்னும் ஆகலாம். 45 வயசுக்கு மேலயான்னு கேக்கறதும் அந்தப் பத்துல ஒண்ணு. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க இதைக் கவனிங்க.

நடைமுறையில என்ன நடக்குதுன்னா, காலையில ஏழு மணிக்கு, படகு கிளம்பற அவசரத்துல, ஒரு கிளிப்போர்டை நீட்டி "எல்லாத்துக்கும் நோ போட்டு சைன் பண்ணுங்க சார்"னு சொல்றவங்க இருக்காங்க. அங்கயே திரும்பி வந்துடுங்க. அந்த ஃபார்ம் உங்களைக் காப்பாத்த வந்தது. ‘எல்லாம் நோ’ன்னு நீங்க எழுதிக் கொடுத்த நிமிஷமே அது கடையைக் காப்பாத்தற பேப்பரா மாறிடுது.

ஏன் இவ்வளவு முக்கியம்? கடல்ல 10 மீட்டர் இறங்கினா அழுத்தம் ரெண்டு மடங்கு. அதே 10 மீட்டர்ல நுரையீரல் நிறைய மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டு மேல வந்தா, உள்ள இருக்கிற காத்து ரெண்டு மடங்கா விரியப் பார்க்கும். நுரையீரல் அவ்வளவு விரியாது. ‘மூச்சை அடக்கவே அடக்காதே’ங்கறது ஸ்கூபாவோட முதல் விதியா இருக்கறது இதனாலதான். ஆஸ்துமா மாதிரி காத்து உள்ளயே சிக்கிக்கிற பிரச்சனை இருந்தா, மூச்சை அடக்கலன்னாலும் ஆபத்து. சாதாரண சளிகூட அப்படித்தான். மூக்கடைச்சா காதுக்குள்ள அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது, முதல் ரெண்டு மீட்டர்லயே காது வலி பிடுங்கும். மாத்திரை போட்டுட்டு இறங்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. தண்ணிக்குள்ள மருந்தோட வேகம் இறங்கிட்டா மேல வரும்போது மாட்டிக்குவீங்க. கர்ப்பமா இருந்தா பேச்சே இல்ல, ஸ்கூபா கூடாது.

அதனால ஃபார்மை புக் பண்ணும்போதே வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. ‘ஆமாம்’ வந்தா ஊர்லயே டாக்டரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிடுங்க. ஹேவ்லாக் போய் டாக்டரைத் தேடி அலைஞ்சா லீவு வீணாகும்.

ரெண்டாவது ‘வேண்டாம்’: ஆழம்

இப்போ எல்லாரும் காத்துட்டு இருந்த ஸ்பாட் விஷயத்துக்கு வருவோம்.

ஹேவ்லாக்ல முதல் தடவை இறங்கறவங்களை நீமோ ரீஃப் பக்கம் கூட்டிட்டுப் போவாங்க. கரையில இருந்தே நடந்து இறங்கலாம், ஆழம் குறைவு. கடல் சாமந்திக்குள்ள ஒளிஞ்சு விளையாடற கோமாளி மீனைப் பார்க்கலாம். காலையில கூட்டம் இருக்கும். தண்ணி வத்தற நேரமா இருந்தா சிலிண்டரைச் சுமந்துட்டு ரொம்ப தூரம் நடக்கணும், அதனால ஓதம் எப்போன்னு கேட்டுட்டு நேரம் வாங்குங்க.

ஓப்பன் வாட்டர் பண்றவங்களுக்கு லைட்ஹவுஸ், அக்வேரியம் மாதிரி இடங்கள். படகுல கிட்டத்துலயே போயிடலாம். மணல் சரிவும் பவளத் திட்டும் கலந்திருக்கும், நிதானமா பழகலாம்.

ஜெட்டிக்குப் பக்கத்துல தி வால். இங்க கொஞ்சம் கவனம். மேல்பகுதி புதுசா கார்டு வாங்கினவங்களும் பார்க்கக்கூடிய ஆழம்தான், ஆனா பாறைச் சுவர் அப்படியே 50 மீட்டர் வரைக்கும் இறங்கிப் போகும். கீழ பார்த்தா நீலம் இழுக்கும். நீங்க எவ்வளவு ஆழத்துல இருக்கீங்கன்னு உங்களைவிட அதிகமா கவனிக்கிற இன்ஸ்ட்ரக்டர் இருந்தா மட்டும்தான் இது நல்ல ஸ்பாட். ஒரே இடம், ஆளைப் பொறுத்து அழகாவும் இருக்கும் ஆபத்தாவும் இருக்கும்.

அப்புறம் இன்ஸ்டாகிராம்ல நீங்க பார்க்கிற அந்த வீடியோக்கள். மீன் கூட்டம் மேகம் மாதிரி சுத்தறது, சுறா படுத்திருக்கறது. அதெல்லாம் டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ், ஜாக்சன்ஸ் பார் மாதிரி இடங்கள். படகுல தூரம் போகணும், நீரோட்டம் இருக்கும், பார்க்க வேண்டியதெல்லாம் 20 மீட்டருக்குக் கீழ 30 மீட்டரை ஒட்டி இருக்கும். இது அட்வான்ஸ்டு முடிச்சவங்களுக்கான இடம்.

‘18க்கும் 30க்கும் 12 மீட்டர்தானே வித்தியாசம், என்ன பெருசா?’ன்னு கேக்கலாம். கணக்கு போட்டுப் பார்ப்போம். சிலிண்டர் 11 லிட்டர், 200 பார் அழுத்தத்துல நிரப்பியிருக்காங்க. கடைசி 50 பாரைத் தொடக் கூடாது, அது ரிசர்வ். மிச்சம் 150 பார், பெருக்கினா 1650 லிட்டர் காத்து. புதுசா டைவ் பண்றவர் நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கறார்னு வெச்சுக்குவோம். 10 மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, அதனால நிமிஷத்துக்கு 40 லிட்டர் போகும், 41 நிமிஷம் தாங்கும். 18 மீட்டர்ல 56 லிட்டர், 29 நிமிஷம். 30 மீட்டர்ல 80 லிட்டர், 20 நிமிஷம். அதே ஆள் பதட்டத்துல 30 லிட்டர் இழுத்தா, அந்த ஆழத்துல 14 நிமிஷம்கூட வராது. இறங்கற நேரம், ஏறற நேரம் எல்லாம் இதுக்குள்ளதான்.

காத்து மட்டும் இல்ல. உடம்புல நைட்ரஜன் சேர்ற கணக்கும் இருக்கு. பி.ஏ.டி.ஐ. அட்டவணைப்படி, நடுவுல நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டிய கட்டாயம் இல்லாம 18 மீட்டர்ல 56 நிமிஷம் வரைக்கும் இருக்கலாம். 30 மீட்டர்ல அது வெறும் 20 நிமிஷம். 12 மீட்டர் அதிகம் போனதுக்கு மூணுல ரெண்டு பங்கு நேரம் காலி.

அதனால ஓப்பன் வாட்டர் கார்டு வெச்சுட்டு ‘டிக்சன்ஸ் போலாமா?’ன்னு கேட்டுப் பாருங்க. "அதுக்கென்ன, கூட நாலாயிரம் ஆகும்"னு சொன்னா போனை வெச்சிடுங்க. "உங்க கடைசி டைவ் எப்போ? மொத்தம் எத்தனை? முதல்ல கிட்டத்துல ஒண்ணு பண்ணுவோம், பார்த்துட்டு முடிவு பண்ணலாம்"னு சொன்னா, அந்த நம்பரை சேவ் பண்ணி வெச்சுக்குங்க.

மூணாவது ‘வேண்டாம்’: அன்னைக்குக் கடல்

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்தமான்ல தென்மேற்குப் பருவமழை. நவம்பர், டிசம்பர்ல வங்கக்கடல்ல புயல் வரும்னு சென்னைக்காரங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. பொதுவா ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் அமைதியா இருக்கும், தண்ணி தெளிவா இருக்கும்.

மாசத்தை எல்லாரும் பார்க்கறாங்க, திதியை யாரும் பார்க்கறதில்ல. ஜோசியம் இல்ல, இயற்பியல்தான். அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாட்கள்ல ஓதத்தோட ஏற்ற இறக்கம் அதிகம், அதனால நீரோட்டமும் வேகமா இருக்கும். நடுவுல, பாதி நிலா நாட்கள்ல, அது குறையும். வீட்டுல பாட்டி அஷ்டமி, நவமின்னா கிளம்பாதேன்னு சொல்லியிருப்பாங்க. டைவ் பண்றவங்களுக்குத் தலைகீழ். அஷ்டமி முடிஞ்சு வர்ற ரெண்டு மூணு நாள்தான் நீரோட்டம் சாந்தமா இருக்க வாய்ப்பு. டிக்கெட் போடும்போது அந்த தினசரி காலண்டரை ஒரு தடவை பார்த்துக்குங்க. குறிப்பா, வேகமா நீரோட்டம் ஓடுற வெளிக்கடல் ஸ்பாட்டுக்குப் போறவங்க.

ஆனாலும் கடைசி முடிவு அன்னைக்குக் காலையில கடலைப் பார்த்துட்டு எடுக்கறதுதான். இங்க நீங்க கவனிக்க வேண்டியது கடையோட ரீஃபண்ட் பாலிசி. ‘காத்து அடிச்சு நீங்க கேன்சல் பண்ணினா என் பணம் முழுசா திரும்ப வருமா?’ன்னு கேளுங்க. ‘வராது’ன்னா, உங்களைத் தடுக்க உங்களுக்கே மனசு வராது. ‘காசு போகுதே, இறங்கிடுவோம்’னு தோணும். கடைக்காரருக்கு நாள் கூலி படகு, டீசல் செலவு, ஏஜென்ட் கமிஷன். ரெண்டு பக்கமும் அழுத்தம் இறங்கற பக்கமே தள்ளும். பணத்தைத் திருப்பித் தர்ற கடைக்கு மட்டும்தான் ‘இன்னைக்கு வேண்டாம்’னு சொல்ற சுதந்திரம் இருக்கு.

ஏஜென்ட் பத்தியும் சொல்லிடறேன். ஏழு நாள் பேக்கேஜ்ல ‘ஸ்கூபா இலவசம்’னு போட்டிருப்பாங்க. எந்தக் கடைன்னு அன்னைக்குக் காலையில ஜீப்புல ஏறும்போதுதான் தெரியும். பேக்கேஜ் வேணும்னா வாங்குங்க, ஸ்கூபாவை மட்டும் அதுல இருந்து கழிச்சிட்டு, கடைக்கு நேரா பேசி நேரா பணம் கட்டுங்க.

நாலாவது ‘வேண்டாம்’: விமான டிக்கெட்

கோலி சோடா தெரியும்ல? மூடியிருக்கிற வரைக்கும் உள்ள குமிழியே தெரியாது. கோலியை அழுத்தினதும் ‘புஸ்’ஸுன்னு பொங்கும். டைவ் பண்ணும்போது அழுத்தத்துல நைட்ரஜன் நம்ம ரத்தத்துலயும் திசுக்கள்லயும் கரைஞ்சு சேருது. மெதுவா மேல வந்தா மூச்சு வழியா வெளியேறிடும். அழுத்தம் சட்டுன்னு குறைஞ்சா உள்ளயே குமிழியாகும். மூட்டு வலியில ஆரம்பிச்சு கை கால் மரத்துப் போறது, பக்கவாதம் வரைக்கும் போகலாம். விமானம் மேல ஏறினா கேபின் அழுத்தம் தரைமட்டத்தைவிடக் குறைவு. ஹெலிகாப்டரும் அப்படித்தான்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்போட வழிகாட்டல் இதுதான்: ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், ஒரே நாள்ல பல டைவ் அல்லது பல நாள் டைவ் பண்ணியிருந்தா குறைஞ்சது 18 மணி நேரம் கழிச்சுத்தான் பறக்கணும். 24 மணி நேரம்னு வெச்சுக்கிட்டா கணக்கும் சுலபம், மனசுக்கும் நிம்மதி.

நம்ம ஆளுங்க பிளான் எப்படி இருக்கும்? முதல் நாள் செல்லுலார் ஜெயில், ரெண்டாவது நாள் ராதாநகர் பீச், கடைசி நாள் காலையில ‘ஒரு ஸ்கூபா போட்டுட்டு’ மதிய ஃபெர்ரி, சாயந்திர ஃப்ளைட். இதைத் தலைகீழா மாத்துங்க. வந்ததும் நேரா ஹேவ்லாக், டைவ் முதல்ல. செல்லுலார் ஜெயில் கடைசி நாள். நல்ல கடை புக் பண்ணும்போதே ‘உங்க ஃப்ளைட் எப்போ?’ன்னு கேக்கும். கேக்கலன்னா நீங்களே சொல்லி, என்ன பதில் வருதுன்னு பாருங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இந்தக் குமிழி நோய்க்கு சிகிச்சை, அழுத்த அறைக்குள்ள வெச்சு மறுபடி அழுத்தம் ஏத்தறது. அதுக்கு போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனைக்குத்தான் போகணும். ராத்திரி ஹேவ்லாக்ல உடம்பு காட்டிக் கொடுத்தா நடுவுல கடல் இருக்கு. இன்னொண்ணு, சாதாரண பயணக் காப்பீடு பலதுல ஸ்கூபா சேராது, அல்லது ஆழ வரம்பு போட்டிருப்பாங்க. அந்தச் சின்ன எழுத்தைப் படிச்சிடுங்க.

போன்ல கேக்க அஞ்சு கேள்வி

எழுதி வெச்சுக்குங்க.

ஒண்ணு: தண்ணிக்குள்ள ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? முதல் தடவைன்னா ஒருத்தருக்கு ஒருத்தர்தான் நல்லது.

ரெண்டு: மெடிக்கல் ஃபார்மை இப்பவே அனுப்புவீங்களா?

மூணு: படகுல ஆக்சிஜன் கிட் இருக்கா? டைவ் ஏதாவது தப்பாப் போனா முதல் உதவி அதுதான். கேட்டதும் உடனே பதில் வரணும். ‘பார்த்துச் சொல்றேன்’னா இல்லைன்னு வெச்சுக்குங்க.

நாலு: எனக்கு பிரீஃபிங் எந்த மொழியில? இது சின்ன விஷயம் இல்ல. பயத்துல இருக்கும்போது மூளை தாய்மொழியிலதான் வேலை செய்யும். அந்தமான்ல தமிழ் பேசறவங்க நிறைய, தமிழ்ல விளக்கற இன்ஸ்ட்ரக்டர் கிடைக்க வாய்ப்பு உண்டு. கூச்சப்படாம கேளுங்க.

அஞ்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி: கடைசியா ஒரு டைவை எப்போ கேன்சல் பண்ணீங்க, ஏன்? நல்ல கடை யோசிக்காம ஒரு கதை சொல்லும். "நாங்க கேன்சலே பண்றதில்ல சார்"னு பெருமையா சொன்னா, நன்றி சொல்லிட்டு அடுத்த நம்பருக்குப் போங்க.

ரிவ்யூ படிக்கும்போதும் இதே பார்வைதான். அஞ்சு ஸ்டார்ல ‘ஆமை பார்த்தோம், செம’ன்னுதான் இருக்கும். ஆமை கடை வெச்சு வளர்க்கறது இல்ல. ஒரு ஸ்டார் ரிவ்யூவைப் படிங்க. ‘ஆஸ்துமான்னு சொன்னதும் இறக்க மாட்டேன்னுட்டாங்க’, ‘கடல் நல்லாத்தான் இருந்துச்சு, கேன்சல் பண்ணிட்டாங்க’ன்னு திட்டியிருந்தா, அது எனக்கு அஞ்சு ஸ்டார்.

கடைக்குப் போனதும்

சிலிண்டர் கழுத்துப் பக்கம் சோதனைத் தேதி பொறிச்சிருக்கும், பாருங்க. ரெகுலேட்டரைக் கடிக்கிற ரப்பர் கிழிஞ்சிருக்கா பாருங்க. ரெண்டு மூச்சு இழுத்துப் பார்த்து எண்ணெய், புகை வாடை வந்தா வேண்டாம். நல்ல காத்துக்கு வாடையே இருக்காது. இன்ஸ்ட்ரக்டர் எண்ணைக் கேளுங்க. பயிற்சி அமைப்போட இணையதளத்துல அதைப் போட்டா அவர் இப்போ தகுதியில இருக்காரான்னு தெரியும்.

இடுப்பளவு தண்ணியில முதல்ல பயிற்சி கொடுக்கணும். வாயில இருந்து ரெகுலேட்டர் நழுவினா திரும்ப எடுக்கறது, மாஸ்க்குக்குள்ள புகுந்த தண்ணியை ஊதி வெளியேத்தறது, காதைச் சமன் செய்றது, கை சைகைகள். இது எதுவும் இல்லாம படகுல ஏத்தி நேரா கடல்ல இறக்கினா, அது ஸ்கூபா இல்ல, கிணத்துல தள்ளி நீச்சல் கத்துக் கொடுக்கற கதை.

படகு நங்கூரத்தை எங்க போடுதுன்னும் பாருங்க. மிதவையில கட்டறாங்களா, பவளத்து மேலயே வீசறாங்களா? 2010லயும் 2016லயும் கடல் சூடேறி அந்தமான்ல பவளம் வெளுத்துப் போச்சு. மிச்சம் இருக்கறதையும் மீண்டு வர்றதையும் உடைக்காம இருக்கறதுதான் நம்ம வேலை. பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது. செத்த துண்டுதானேன்னு பைல போட்டாலும் ஏர்போர்ட்ல சிக்கல்தான். ‘ஃபோட்டோவுக்குப் பிடிச்சுக்குங்க சார்’னு பவளத்தைக் காட்டற கடை, உங்க விஷயத்துலயும் அதே அலட்சியத்தோடதான் இருக்கும்.

ஒரு லிசனர் கேள்வி

பெங்களூருல இருந்து ஒருத்தங்க வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, எனக்கு லீவே நாலு நாள்தான். அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா அவ்வளவு செலவு பண்ணிப் போனதே வேஸ்ட் இல்லையா?"

நியாயமான கேள்விம்மா. ரெண்டு விஷயம். ஸ்கூபாவை முதல் முழு நாள்ல போடுங்க. தள்ளிப்போனா அடுத்த நாள் இருக்கும். அதுவும் போச்சுன்னா, காத்து குறையற நேரம் பார்த்து எலிஃபன்ட் பீச்ல ஸ்நார்கெலிங் இருக்கு. தண்ணிக்கு மேல மிதந்துட்டே பார்க்கலாம், நைட்ரஜன் கவலை இல்ல. லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க, அவ்வளவுதான். ரெண்டாவது, கடல் எங்கயும் போயிடாது. சென்னையில இருந்து ரெண்டு மணி நேரத்துல இருக்கிற கடலுக்கு இன்னொரு தடவை போகலாம்.

கடைசியா ஒண்ணு. நாலு ‘வேண்டாம்’ கடை சொல்ல வேண்டியது. அஞ்சாவது உங்களோடது. டைவிங்ல எழுதாத சட்டம் ஒண்ணு இருக்கு: எந்த டைவரும், எந்த நேரத்துலயும், காரணமே சொல்லாம, டைவை நிறுத்தலாம். படகுல உக்காந்திருக்கும்போதும் சரி, அஞ்சு மீட்டர்ல இருக்கும்போதும் சரி. யாரும் கேள்வி கேக்கக் கூடாது, கேலி பண்ணக் கூடாது. கூட வந்த நண்பர்களும்தான். ‘இவ்வளவு தூரம் வந்துட்டு பயப்படறியே மச்சான்’னு சொல்றவனைப் படகுலயே விட்டுட்டுப் போங்க.

அந்த ‘வேண்டாம்’ தண்ணிக்குள்ள எப்படிச் சொல்றதுன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. கட்டை விரலை மேல காட்டினா கரையில ‘சூப்பர்’னு அர்த்தம். தண்ணிக்குள்ள ‘மேல போகலாம்’னு அர்த்தம். நல்லா இருக்கேன்னு சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடணும். கேமராவைப் பார்த்ததும் பழக்கத்துல கட்டை விரலைத் தூக்கிடாதீங்க. தூக்கினா, நல்ல இன்ஸ்ட்ரக்டர் அந்த நிமிஷமே உங்களை மேல கூட்டிட்டு வந்துடுவார். நீங்க நிஜமாவே மேல வரணும்னு தூக்கினாலும் அதேதான் செய்வார்.

அடுத்த வாரம் சந்திப்போம். பத்திரமா போயிட்டு வாங்க.